மூன்றாவது சரணத்துக்கு முன்னால் ஓர் ஓட்டம்

குரு என்றால் தாடி, காவி, ஆலமரம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் எஸ்தர். கோயம்புத்தூர் கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறாள். சீடனுக்கு நாற்பத்தெட்டு. பெயர் பொன்னுரங்கன். எங்கள் ராக் குழுவில் கிதார் வாசித்துப் பாடுபவன்.

நான் சபாபதி. அதே குழுவில் பாஸ் கிதார் வாசிக்கிறேன். பாஸ் வாசிப்பவனை மேடையில் யாரும் கவனிப்பதில்லை. அதனால் எனக்கு வேடிக்கை பார்க்க நிறைய நேரம் உண்டு.

எஸ்தர் குருவானது இப்படி. எங்கள் இரண்டாவது ஆல்பத்தின்போது பொன்னுரங்கன் அவளிடம் கேட்டான்.

"என் குரல் ஏங்க இப்படி மெலிஞ்சு கெடக்குது? மைக்கை மாத்தணுமா?"

"மைக் நல்லா இருக்குதுங்ணா. நீங்க கண்ணை மூடிட்டுப் பாடறீங்க. பாடப் பாட மைக்கை விட்டு நகர்ந்து போயிர்றீங்க."

அன்றிலிருந்து அவன் அவளை 'குருவே' என்று அழைத்தான். முதலில் கிண்டலாக. அப்புறம் கிண்டல் தேய்ந்து அழைப்பு மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. பிறகு பழகிவிட்டது.

எங்கள் குழுவின் பெயர் 'த்ரீ ஃபேஸ்'. கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. பாட்டும் எங்களுடையது, கைக்காசும் எங்களுடையது. பதினைந்து வருடத்தில் மூன்று ஆல்பம். முதல் ஆல்பத்தை ஒரே அறையில் மூன்று பேரும் நின்று இரண்டு நாளில் பதிவு செய்தோம். கொள்கையெல்லாம் இல்லை, எஸ்தரைத் தெரிவதற்கு முன்னால் நாங்கள் போன இடத்தில் இருந்ததே ஒரு அறைதான். இரண்டாவதில் டிரம்ஸுக்குத் தனி அறை வந்தது. மூன்றாவதில் ஆளுக்கொரு நாள் வந்தது. நான் செவ்வாய்க்கிழமை வாசித்துவிட்டுப் போவேன். டிரம்ஸ் ஞாயிற்றுக்கிழமை. பொன்னுரங்கன் அவனுக்குத் தோன்றுகிற நாளில். எல்லோர் காதிலும் ஹெட்போன், அதற்குள் 'டக் டக்' என்று தாளம் சொல்லும் கிளிக். நாங்கள் மூவரும் சேர்ந்து வாசித்திருக்கிறோம் என்பதைப் பாட்டு வெளிவந்த பிறகுதான் நான் தெரிந்துகொள்வேன்.

சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கரடுமுரடாக இருந்தது. அப்புறம் பெரிதானது. அப்புறம் சுத்தமானது. பத்திரிகையில் 'முதிர்ச்சி' என்று எழுதினார்கள். பொன்னுரங்கன் அந்தச் சொல்லைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

ஆனால் மேடைக்குப் போனால் கூட்டம் கத்துவது முதல் ஆல்பத்தின் பாட்டுக்குத்தான். அதிலும் ஒரு பாட்டு. 'ஒருவழிப் பாதை'. அதில் இரண்டாவது சரணம் முடிந்ததும், மூன்றாவது தொடங்குவதற்கு முன்னால், பத்து வினாடிக்குப் பாட்டு திடீரென்று வேகம் பிடித்து ஓடும். எதையோ கண்டு பயந்து ஓடுகிற மாதிரி ஓடும். பிறகு மூன்றாவது சரணம் வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். ரசிகர்கள் அதற்கு 'ஓட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த இடம் வந்தால் அரங்கமே காலால் தரையை உதைக்கும். பையன்கள் அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அது நாங்கள் திட்டமிட்டு வைத்ததில்லை. பதிவில் நேர்ந்த தப்பு. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்போது டிரம்ஸ் வாசித்தவன் பிலவேந்திரன். அவன் கல்யாணமாகி ஈரோட்டில் ஃபைபர் கதவுக் கடை வைத்துப் போய்விட்டான். இடையில் இரண்டு பேர் வந்து போனார்கள். இப்போது ஆறு வருடமாக தில்ஷாத். வயது முப்பத்தொன்று, பகலில் பல் மருத்துவர். கை நடுங்காது. அவளுடைய தாளத்தில் வீடு கட்டலாம்.

இந்த வருடம் முதல் ஆல்பத்துக்குப் பதினைந்து வயது. முழு ஆல்பத்தையும் வரிசையாக மேடையில் வாசிப்பதாக அறிவித்து டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. அதே சமயம் நான்காவது ஆல்பமும் பாதியில் இருந்தது. ஒன்பது பாட்டு. அதில் நான்குக்குத்தான் தில்ஷாத் டிரம்ஸ் வாசித்து முடித்திருந்தாள்.

எஸ்தரின் கூடத்தில் நடந்த ஒத்திகையில் ஓட்டம் வந்தது. மேடையில் எப்போதும் ஓடுகிற மாதிரியே தில்ஷாத் ஓடினாள். கூட்டத்துக்கு அது போதும். பொன்னுரங்கன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"ஓடுது. ஆனா பதறல."

"பதறணுமாங்ணா?"

"ரெக்கார்டுல பதறுதில்ல?"

"அது அவரு பதறினது. அவரு பதட்டத்த நான் எப்படிங்ணா பதற முடியும்?"

நியாயமான கேள்வி. பொன்னுரங்கன் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தான். எஸ்தரின் கணினியில் பழைய பாட்டைப் போட்டு, ஓட்டம் எந்த அடியில் தொடங்குகிறது, ஒவ்வொரு அடியும் எவ்வளவு முந்துகிறது என்று அளந்தான். இரண்டு நாள் ஆனது. அந்தக் கணக்குப்படி கிளிக்கையே ஓட வைத்தான். இனி தில்ஷாத் கிளிக்கின் பின்னால் போனால் போதும், தப்பு தானாகவே சரியாக வந்துவிடும்.

தப்பு செய்வதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தில்ஷாத் அப்படியே வாசித்தாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. கேட்பதற்கு மாவு மில்லில் பெல்ட் வேகம் கூடியது போல் இருந்தது.

"இது இல்ல," என்றான் பொன்னுரங்கன்.

"நீங்க குடுத்த கிளிக்தானுங்ணா."

"தெரியுது. ஆனா இது இல்ல." பிறகு என்னைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், கிதாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே சொன்னான். "இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பிலவேந்திரனைக் கூப்பிட்டுக்கலாம்னு இருக்கறேன். தப்பா எடுத்துக்காத."

தில்ஷாத் குச்சிகளைச் சேர்த்து மடியில் வைத்தாள்.

"ஆறு வருஷமா நான் அவரு எடத்துல உக்காந்திருக்கறேன். எனக்குன்னு எடம் எப்பங்ணா?"

"இந்த ஒரு நிகழ்ச்சிக்குத்தான்..."

"புது ஆல்பத்துக்கும் அவரையே வெச்சுக்குங்க. ஞாயித்துக்கெழமை வந்து என் சிம்பல எடுத்துக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் 'இந்தப் பல்லை எடுத்துவிடலாம்' என்று சொல்கிற குரல். அவள் போனால் நான்காவது ஆல்பம் இல்லை. இன்னொரு ஆளைத் தேடி, பழக்கி, ஐந்து பாட்டு பதிவு செய்கிற வயது எங்களுக்குத் தாண்டிவிட்டது. குழுவும் இருக்காது. அது பொன்னுரங்கனுக்கும் தெரியும்.

அவள் இறங்கிப் போனபின் அவன் எஸ்தரின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"குருவே, எங்க பழைய சத்தம் எங்க போச்சு?"

எஸ்தர் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட இருந்துச்சுங்ணா?"

"பிலவேந்திரன்கிட்டதான். வேற யாருகிட்ட?"

"அப்ப அவரையே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பிலவேந்திரன் வந்தான். தொப்பை போட்டிருந்தது. சொந்தக் குச்சிகளைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். என்னைக் கட்டிக்கொண்டான். பொன்னுரங்கனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"ஏண்டா ரங்கா, இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?"

தில்ஷாத்தும் வந்திருந்தாள். டிரம்ஸில் மாட்டியிருந்த தன் பித்தளைச் சிம்பல்களைக் கழற்ற வந்தவளை எஸ்தர்தான் நிறுத்தினாள். "அவரு ஒரு தடவ வாசிச்சுக்கட்டும். அப்புறம் கழட்டிக்கோ." தில்ஷாத் சிம்பல் பையை மடியில் வைத்துக்கொண்டு பதிவறைக் கண்ணாடிக்கு வெளியே எஸ்தரோடு உட்கார்ந்தாள்.

நாங்கள் மூவரும் உள்ளே நின்று 'ஒருவழிப் பாதை'யைத் தொடங்கினோம். பிலவேந்திரன் நன்றாகவே வாசித்தான். பழையதைவிட நன்றாக. முதல் சரணம், இரண்டாவது சரணம். ஓட்டத்தின் இடம் வந்தது. பொன்னுரங்கன் கண்ணை மூடிக்கொண்டான். நான் காலை ஊன்றிக்கொண்டேன்.

பிலவேந்திரன் ஓடவில்லை.

ஆணி அடித்த மாதிரி ஒரே சீராக அந்தப் பத்து வினாடியைக் கடந்து, மூன்றாவது சரணத்தின் வாசலில் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் முகத்தில் ஒரு பெருமை.

பொன்னுரங்கன் வாசிப்பதை நிறுத்தினான். "என்னடா இது?"

"பாத்தியா? சரி பண்ணிட்டேன்டா."

"எதை?"

"அந்தத் தப்பத்தான்." பிலவேந்திரன் குச்சியைத் தொடையில் துடைத்தான். "அன்னைக்கு நான் தாளத்த உட்டுட்டேன். நீங்க யாரும் ஒரு வார்த்த சொல்லல. அப்படியே வெளிய உட்டீங்க. கடைக்கு வர்ற காலேஜ் பசங்க வண்டில அந்தப் பாட்டப் போடுவானுங்க. அந்த எடம் வந்தா நான் எந்திரிச்சு குடோனுக்குள்ள போயிருவேன். வீட்டுல அடிச்சுப் பழக ரப்பர் தட்டு வெச்சிருக்கறேன். பதினஞ்சு வருஷம், காலைல அரை மணி நேரம். கிளிக் போட்டு அடிச்சு அடிச்சுச் சரி பண்ணினேன். இப்பத் தூக்கத்துல எழுப்பினாக்கூட ஓட மாட்டேன்."

பொன்னுரங்கன் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வந்தான்.

"பிலவு, எனக்கு அந்தத் தப்புதான் வேணும்."

"என்னது?"

"பழையபடி ஓடு."

பிலவேந்திரன் முயன்றான். மூன்று தடவை. முதல் தடவை ஓடவே வரவில்லை. இரண்டாவது தடவை ஓடினான். நாடகத்தில் ஓடுகிறவன் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, குச்சியைக் கீழே வைத்துவிட்டான். முகம் சிவந்திருந்தது.

"மறந்து போச்சுடா. அன்னைக்கு வேணும்னேவா ஓடினேன்? பதினஞ்சு வருஷமா வெக்கப்பட்டிருக்கறேன்."

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உன் தப்பில்ல பிலவு," என்றேன். "அது என் தப்பு. ஒரு அடி நான்தான் முன்னாடி எடுத்துட்டேன். நீ எனக்காக ஓடினதாத்தான் இத்தன வருஷம் நெனச்சிட்டிருக்கறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. அவமானமாகவும் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அண்ணா, அந்தப் பழைய பதிவு தனித்தனி ட்ராக்கா எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. பொன்னுரங்கனின் வீட்டு பீரோவில், கல்யாண ஆல்பத்துக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவில், ஒரு ஹார்ட் டிஸ்க். அவன் பைக்கில் போய் எடுத்து வந்தான். அதற்குப் பொருந்தும் கேபிளைக் கீழே பட்டறையில் கேட்டு வாங்கி வந்தது நான். அதுவரை தில்ஷாத்தும் பிலவேந்திரனும் டிரம் தோலின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு ட்ராக் இருந்தது. எஸ்தர் ஒவ்வொன்றாகத் திறந்தாள். குரல், கிதார், என் பாஸ், டிரம்ஸுக்கு மட்டும் ஐந்து. எல்லாவற்றையும் மூடிவிட்டு, டிரம்ஸுக்கு நேர் மேலே தொங்கிய மைக்கின் பதிவை மட்டும் வைத்தாள்.

"ஒரே ரூமுங்களே," என்றாள். "இதுல எல்லாரும் இருப்பீங்க."

இருந்தோம். டிரம்ஸ் பெரிதாக, நாங்கள் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல் சின்னதாக. இரண்டாவது சரணம் முடிந்தது. டிரம்ஸ் சீராகப் போய்க்கொண்டிருந்தது. என் பாஸும் அதோடு சீராகவே போனது. தூரத்தில் கிதார் மட்டும் அவசரப்பட ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு குரல். பாடும் மைக்கை விட்டுத் திரும்பிச் சொன்னது, சிம்பல் சத்தத்துக்கு அடியில்.

'டேய், மூணாவது மறந்துட்டேன்டா.'

பொன்னுரங்கனின் குரல். முப்பத்து மூன்று வயதுக் குரல். பயந்து போயிருந்தது.

உடனே இன்னொரு குரல், மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

'போ, போ. வந்துட்டேன்.'

டிரம்ஸ் பாய்ந்தது. ஒரு சுற்று கழித்து என் பாஸ் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. மூவரும் ஓடினோம். பத்து வினாடி. அதற்குள் அவனுக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது சரணத்தை எடுத்தான். டிரம்ஸ் அவனை அணைத்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்தது.

எஸ்தர் நிறுத்தினாள். திரும்பப் போடவில்லை. யாரும் போடச் சொல்லவும் இல்லை.

"நானாடா அப்படிச் சொன்னேன்?" என்றான் பிலவேந்திரன். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு அவனுக்கு வேறொன்று உறைத்தது. எழுந்து நின்றுவிட்டான். "டேய் ரங்கா! உன் தப்புக்காடா நான் பதினஞ்சு வருஷம் ரப்பர் தட்டுல அடிச்சேன்?"

"எனக்கே தெரியாதுடா," என்றான் பொன்னுரங்கன். "சத்தியமாத் தெரியாது. நீ ஓடினே, நான் உன் பின்னாடி வந்தேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

பிலவேந்திரன் அவனை அடிப்பானோ என்று பார்த்தேன். அடிக்கவில்லை. சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, துணிப்பையில் குச்சிகளைச் சுற்றிக்கொண்டான். மாலையில் கடைக்கு லோடு வருகிறதாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தில்ஷாத்திடம் சொன்னான்.

"நீ நல்லா அடிக்கறேம்மா. மூணாவது ஆல்பம் கேட்டிருக்கறேன். ஒரு தப்புகூட இல்ல."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். தில்ஷாத் தலையசைத்தாள். பிறகு டிரம்ஸ் அறைக்குள் போய், சிம்பல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். திருகைச் சுழற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பொன்னுரங்கன் திறந்திருந்த கதவருகே போய் நின்றான்.

"தில்ஷாத், நீயே வாசி. இதக் கேட்டேல்ல? இப்ப உனக்குத் தெரியுமில்ல அது எப்படி வந்துச்சுன்னு."

"எதை வாசிக்கட்டும்? அவரோடதையா, உங்களோடதையா?"

முதல் சிம்பல் பைக்குள் போனது. அவன் எஸ்தர் பக்கம் திரும்பினான்.

"குருவே, கிளிக்கை எடுத்துரலாமா?"

"கிளிக் என்னங்ணா பண்ணுச்சு?"

"அந்தப் பழைய ரூமு இன்னும் இருக்குது. இப்ப டியூஷன் நடத்தறாங்க. கேட்டா ஒரு நாளைக்குக் குடுப்பாங்க. அதே மைக்..."

"வேண்டாங்ணா."

"பின்ன என்னதான் பண்றது?" அவன் குரல் உயர்ந்தது. அந்தப் பதிவில் கேட்ட பயம் மறுபடி அதில் இருந்தது. "பிலவுக்கு வந்துச்சு. இத்தனைக்கும் இவ அவனவிட நல்லா வாசிக்கறா. ஆறு வருஷமா என்கூட வாசிக்கறா. இவளுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

உள்ளே திருகின் சத்தம் நின்றது.

எஸ்தர் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்க இன்னும் இவ முன்னாடி எதையும் மறந்ததில்லீங்களேண்ணா."

பொன்னுரங்கன் கிதாரை எடுத்துக்கொண்டு டிரம்ஸ் அறைக்குள் போனான். தில்ஷாத் கீழே கிடந்த பையைக் காலால் தள்ளி, அவன் நிற்க இடம் விட்டாள்.